சென்னை சீட்டாஸ்: ஒரே சீசனில் காணாமல் போன ஹாக்கி அணி. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

#1 டர்ஃப்வாசி

2025 ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையின் சூடு எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் இன்னும் ஆறவில்லை. நம் இந்தியப் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்களே, அந்த ஆட்டத்துக்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று எல்லோரும் ஹாக்கி நிபுணர் ஆகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: "ஹாக்கி இந்தியா லீக் 2026 ஜனவரியில் சென்னைக்கு வருகிறது, தமிழ்நாடு டிராகன்ஸ்தான் நம் ஊரின் முதல் தொழில்முறை ஹாக்கி அணி."

முதல் அணி இல்லை. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் இருந்தது. 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் இருந்தது. வீரன்ஸாவது சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. சீட்டாஸ் 2012 பிப்ரவரி கடைசியில் பிறந்து ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்தே போயிற்று.

சீட்டாஸ் ஒன்றும் ஒப்புக்கு நிறுத்திய அணி இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரென்ட் லிவர்மோர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், கேப்டன். இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன ஸ்பெயின்காரர் ஹோசே பிராசா பயிற்சியாளர். பாகிஸ்தானின் இம்ரான் வார்சி பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) அடித்தார். இப்படி ஒரு அணி எழும்பூரில் ஆடியது என்பதே இன்று பலருக்குத் தெரியவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? கூட்டம் வராததால் என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. உங்கள் கருத்து?

#2 பெனால்டி_கார்னர்_பையன்

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் சி.எஸ்.கே. தவிர வேறு எதுவும் ஓடாது. சீட்டாஸ் என்ற பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். அண்ணா, உண்மையிலேயே எழும்பூரில் ஆடினார்களா, இல்லை டிராகன்ஸ் மாதிரி பெயருக்குத் தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு வேறு எங்கோ ஆடினார்களா?

#3 டர்ஃப்வாசி

எழும்பூரில்தான் தம்பி. மொத்தம் 8 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 7 அணிகளோடு இரண்டு முறை மோத வேண்டும், ஒன்று சொந்த ஊர், ஒன்று வெளியூர். ஆக அணிக்கு 14 லீக் ஆட்டம். அரையிறுதிகளும் இறுதியும் சேர்த்து 59.

#4 பழைய_கேலரி

கேட்டதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் வீரன்ஸ். 2005 ஜனவரியில் இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈஎஸ்பிஎன்-ஸ்டார் தொலைக்காட்சியும் கைகோத்துத் தொடங்கிய லீக் அது. முதல் நிலையில் ஐந்து அணிகள்: ஐதராபாத் சுல்தான்ஸ், ஷேர்-ஏ-ஜலந்தர், மராத்தா வாரியர்ஸ், பெங்களூர், அப்புறம் நம் வீரன்ஸ். இரண்டாம் நிலையில் இன்னொரு கூட்டம், இம்பால் வரைக்கும். மேலே போவது, கீழே இறங்குவது எல்லாம் உண்டு. ஆனால் முதல் சீசன் முழுக்க ஐதராபாத்திலேயே நடந்தது. சென்னை அணியை சென்னைக்காரன் டிவியில்தான் பார்க்க வேண்டும். அந்த மண்ணில் சுல்தான்ஸ் கோப்பையை வாங்கியது, ஆச்சரியமில்லை. 2006-இல் பெங்களூர், 2007-இல் ஒரிசா ஸ்டீலர்ஸ், 2008-இல் மறுபடி பெங்களூர். வீரன்ஸுக்கு ஒருமுறைகூடக் கோப்பை இல்லை.

இதில் எனக்கு அப்போதே உறுத்திய ஒரு விஷயம். தமிழ் பேசும் ஹாக்கி வீரர்களில் மிகப் பெரிய பெயர் தன்ராஜ் பிள்ளை. புனே பக்கம் கட்கியில் பிறந்தவர் என்பதால் அவர் மராத்தா வாரியர்ஸ் கேப்டன். முறைப்படி சரிதான். ஆனாலும் வீரன்ஸை அவர் எதிர்த்து ஆடும்போது நம் ஆட்களில் பாதிப்பேர் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள். 2012-இல் 43 வயதில் மறுபடி வந்தார், அப்போதும் கர்நாடகா லயன்ஸுக்கு! சென்னைக்கு அவர் கிடைக்கவே இல்லை.

அந்த லீக் ஆட்டத்தில் செய்த மாற்றங்களை மட்டும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 35 நிமிடப் பாதி இரண்டு என்றிருந்த ஆட்டத்தைப் பதினேழரை நிமிடக் கால்பகுதி நான்காக உடைத்தார்கள். நடுவில் டைம் அவுட். டிராவே கிடையாது. "ஹாக்கியை டிவி விளம்பரத்துக்காகக் கெடுக்கிறார்கள்" என்று அன்று திட்டாத பெரியவர் இல்லை. 2014-இல் உலக ஹாக்கி சம்மேளனமே நான்கு கால்பகுதி முறைக்கு வந்தது, 15 நிமிடக் கணக்கில். இன்று அதுதான் வழக்கம். அதை முதலில் தைரியமாகச் செய்தவர்களுக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை.

பிறகு 2008. மார்ச்சில் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று இந்தியா பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. எட்டு தங்கம் வாங்கிய நாடு. அடுத்த மாதமே லஞ்சப் புகார் ஒன்று ரகசிய கேமராவில் பிடிபட்டு டிவியில் ஓடியது, கே.பி.எஸ். கில் தலைமையில் இருந்த சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் கலைத்துவிட்டது. சம்மேளனம் போனதும் அதன் லீக்கும் போனது, வீரன்ஸும் போனது.

#5 ராயபுரம்_ரைட்_அவுட்

இவ்வளவு பெரிய பதிவை டீக்கடையில் நின்றுகொண்டே படித்து முடித்தேன். டீ ஆறிவிட்டது, பரவாயில்லை.

#6 விசில்_நடுவர்

பழைய_கேலரி 2008-இல் நிறுத்திவிட்டார். அடுத்த பகுதியைச் சொல்லாமல் சீட்டாஸ் கதை புரியாது.

கலைக்கப்பட்ட சம்மேளனம் நீதிமன்றம் போனது. இடையில் ஹாக்கி இந்தியா என்று புது அமைப்பு உருவானது, உலக சம்மேளனம் அதை அங்கீகரித்தது. 2010 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் பழைய சம்மேளனத்தைக் கலைத்தது செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. ஆக ஒரு நாட்டில் இரண்டு ஹாக்கி அமைப்பு. ஒன்றின் கையில் உள்ளூர்த் தீர்ப்பு, மற்றதன் கையில் உலக அங்கீகாரம்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனமான நிம்பஸ் பழைய சம்மேளனத்தோடு சேர்ந்து வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியை அறிவித்தது. ஹாக்கி இந்தியா எதிர்த்தது. உலக சம்மேளனம் அதை அங்கீகாரம் இல்லாத போட்டி என்றது. இதன் பொருள் என்ன? ஒலிம்பிக் கனவு வைத்திருக்கும் 22 வயதுப் பையன் அந்த லீக்கில் ஆடினால் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பைப் பணயம் வைக்கிறான். சில பாகிஸ்தான் வீரர்கள் வந்து ஆடிவிட்டு, தங்கள் சம்மேளனத்தின் தடையைச் சுமந்துகொண்டு போனார்கள்.

தேதியையும் பாருங்கள். 2012 பிப்ரவரி 26: டெல்லியில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று இறுதி ஆட்டம், இந்தியா பிரான்ஸை 8-1 என்று நொறுக்கியது, சந்தீப் சிங் மட்டும் ஐந்து கோல். நாடே ஹாக்கி பேசியது. மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 29, சண்டிகரில் வேர்ல்டு சீரிஸ் தொடக்கம். இதைவிட நல்ல நேரம் எந்த லீக்குக்கும் கிடைக்காது. ஆனால் டெல்லியில் ஆடிய அந்த அணி லண்டன் ஒலிம்பிக் பயிற்சிக்குப் போய்விட்டது. மூன்று நாள் முன்பு டிவியில் பார்த்துப் பித்துப்பிடித்த ரசிகன், மைதானத்துக்கு வந்தால் அந்த முகங்கள் இல்லை.

எனவே என் தீர்ப்பு இது: சீட்டாஸைக் கொன்றது சங்கச் சண்டை. கூட்டமோ விளையாட்டின் தரமோ இல்லை.

#7 கணக்குப்பிள்ளை

சங்கச் சண்டை பாதிதான் காரணம் நண்பரே. பணத்தையும் பாருங்கள்.

ஐ.பி.எல். அணிக்குச் சொந்தக்காரர் ஆனால், ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டாலும் ஒளிபரப்புப் பணத்தில் பங்கு வரும். அந்தப் பங்குதான் எல்லோரையும் தூக்கி நிறுத்துகிறது. ஹாக்கியில் ஒளிபரப்புக்குக் காசு கொடுக்க ஆள் இல்லை, உள்ளூர் டிக்கெட்டும் ஜெர்சி விளம்பரமும்தான் வரவு. செலவு? வெளிநாட்டு வீரர்கள், விமானம், ஹோட்டல், பயிற்சியாளர் குழு. வெளியூர் ஆட்டம் மட்டும் ஏழு.

இதை நடத்திய நிறுவனத்தின் நிலையும் அப்போது நன்றாக இல்லை. 2011 டிசம்பரில் நிம்பஸோடு இருந்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தைக் கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தது, காரணம் பணம் கட்டவில்லை என்பது. ஹாக்கி லீக் அடுத்த பிப்ரவரியில் தொடங்கியது. கோப்பை முடிந்தபின் வீரர்களின் சம்பள பாக்கி பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது சீசன் வரும் என்றார்கள், தள்ளிப்போகிறது என்றார்கள், அப்புறம் பேச்சே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஹாக்கி இந்தியாவும் நிம்பஸும் அன்றைக்கே ராசியாகியிருந்தாலும் அந்தப் பணம் வந்திருக்குமா?

#8 விசில்_நடுவர்

வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கீகாரம் இருந்திருந்தால் வேறு ஒளிபரப்பாளர், வேறு விளம்பரதாரர் தைரியமாக வந்திருப்பார்கள். 2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியா தன் லீக்கைத் தொடங்கியபோது இந்திய அணியின் சர்தார் சிங்கும் வந்தார், ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபுர்ஸ்டேவும் வந்தார். அதே நாடு, அதே ரசிகர்கள், ஒரு வருட வித்தியாசம்.

#9 அண்ணாநகர்_அக்கா

அந்த 2013 லீக்கில் சென்னை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெல்லி, மும்பை, பஞ்சாப், ராஞ்சி, உத்தரப்பிரதேசம். ஐந்தே அணி. அடுத்த வருடம் கலிங்கா சேர்ந்தது. 2017-இல் நிற்கும்வரை நமக்கு இடமே இல்லை. ஆகவே சீட்டாஸ் போனதோடு, 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய லீக்கில் டிராகன்ஸ் வரும்வரை, பன்னிரண்டு வருடம் சென்னைக்கு லீக் அணி கிடையாது. அந்த இடைவெளியில்தான் மறதி வந்தது.

டிவி நேரம் பற்றி யாரும் பேசவில்லை. 2012 மார்ச்சில் டாக்காவில் ஆசியக் கோப்பை கிரிக்கெட். மார்ச் 16 சச்சினின் நூறாவது சதம். ஒரு வருடமாக நாடு காத்திருந்த சதம். அன்று எந்த வீட்டில் ஹாக்கி போட்டிருப்பார்கள்? ஏப்ரல் 2 மும்பையில் ஹாக்கி இறுதி, ஷேர்-ஏ-பஞ்சாப் புனேயை 5-2 என்று வென்றது. ஏப்ரல் 4 சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். தொடக்கம். கோப்பை வாங்கியவன் ஊருக்குத் திரும்பிப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே எல்லோரும் மஞ்சள் சட்டை மாட்டிவிட்டோம். நானும்தான்.

அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சென்னைக்குப் பரவாயில்லை. வெளி மாவட்டத்தில் இருக்கும் ஹாக்கி ரசிகன் டிவியே பார்க்க முடியாத கோடை அது.

#10 கோவில்பட்டிக்காரன்

அக்கா சொன்ன கடைசி வரிக்கு வருகிறேன். ஹாக்கி ரசிகன் எங்கே இருக்கிறான் என்று இந்த அணிக்காரர்கள் யாராவது வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்களா?

எங்கள் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும்போது வந்து பாருங்கள். அகில இந்தியப் போட்டி. தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வரும் ஆட்கள், ரயில்வே அணியின் ரைட் ஹாஃப் போன வருடம் எப்படி ஆடினான் என்று சொல்வார்கள். கடலைமிட்டாய்க் கடைக்காரர் பெனால்டி கார்னருக்கு யார் ஓடி வர வேண்டும் என்று பயிற்சியாளருக்குப் பாடம் எடுப்பார். இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பையன். அரியலூர் கார்த்தி செல்வமும் இங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயின்றவர்தான். 2023-இல் எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்காக ஆடினார்.

வீரன்ஸும் சீட்டாஸும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பயிற்சி முகாம், ஒரு கண்காட்சி ஆட்டம், விடுதிப் பையன்களோடு ஒரு நாள், எதுவும் இல்லை. பெயரில் சென்னை, சின்னத்தில் சிறுத்தை. அது யாருடைய அணி? சங்கச் சண்டையும் பணமும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அணி சாகும்போது ஊரில் நாலு பேர் கத்தியிருக்க வேண்டும். யாரும் கத்தவில்லையே, அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

#11 ராயபுரம்_ரைட்_அவுட்

அண்ணாச்சி அடித்தது கோல்.

#12 ஆபீஸ்_லீக்

நான் ஒரு அரசு நிறுவனத்துக்காகச் சென்னை லீக்கில் ஆடியவன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். வீரர்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

சென்னையில் ஹாக்கி என்பது நிறுவன ஹாக்கி. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல்துறை, ஏ.ஜி. அலுவலகம். மட்டை பிடிக்கும் பையனின் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைத்துவிட்டால் அறுபது வயது வரை சம்பளம். காலையில் பயிற்சி, மதியம் மேஜை. முழங்கால் போனாலும் வேலை போகாது.

இப்படிப்பட்டவனிடம் ஒரு தனியார் லீக் வந்து ஐந்து வாரத்துக்கு ஆடு என்கிறது. முதலில் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மேலதிகாரி, "இந்த லீக்குக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்பார். இல்லை என்றால் கோப்பு அங்கேயே தூங்கும். என் கூட ஆடிய ஒருவருக்கு அழைப்பு வந்தது. விடுப்பு கிடைக்கவில்லை. அவர் பெரிதாக வருத்தப்படவும் இல்லை, பதவி உயர்வுத் தேர்வு பக்கத்தில் இருந்தது என்றார்.

அணி முதலாளிகளுக்கு இது புரியவே இல்லை என்பது என் கணிப்பு. கிரிக்கெட்டில் ஒரு ஒப்பந்தம் ஒருவனின் வாழ்க்கையையே மாற்றிவிடும். ஹாக்கியில் அந்த ஒப்பந்தம் இரண்டு மாத போனஸ் மாதிரி. 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் போனது, சரி, அது உச்சத்தில் இருப்பவருக்கு. கீழே இருக்கும் பையன் இன்னமும் வங்கி வேலையைத்தான் பார்ப்பான். நான் அவன் அப்பாவாக இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

#13 பெனால்டி_கார்னர்_பையன்

இது எனக்குப் புதுக் கோணம். அப்படியென்றால் பிரான்சைஸ் அணியே (தனியார் முதலாளி ஏலத்தில் ஆள் எடுத்து நடத்தும் அணி) நம் ஊருக்குத் தேவையில்லை என்கிறீர்களா?

#14 பழைய_கேலரி

நான் சொல்கிறேன், தேவையில்லை. முருகப்பா தங்கக் கோப்பை 1901 முதல் இருக்கிறது. இரண்டு உலகப் போரைப் பார்த்த போட்டி. அதை ஒழுங்காக டிவியில் போட்டாலே போதும். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் இந்த ஊர் ஹாக்கியில் வளர்ந்தவர், எந்த ஏலத்திலும் போனவர் இல்லை.

#15 அண்ணாநகர்_அக்கா

சார், மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள மாட்டேன். முருகப்பா கோப்பைக்கு வருபவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஹாக்கி தெரிந்தவர்கள். என் மகளை ஹாக்கிக்குள் இழுத்தது 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தார்களே, அந்த இரவு. விளக்கு, இசை, நிரம்பிய கேலரி. அதற்காகவே போட்ட புதுப் புல்தரை, பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே வகை. ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சும்போது குழந்தைகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கு அதற்குப் பிறகு வருடா வருடம் பார்க்க ஒரு அணி வேண்டும். வங்கி அணிக்கும் ரயில்வே அணிக்கும் அவள் கை தட்ட மாட்டாள்.

#16 பழைய_கேலரி

ஐ.சி.எஃப். ஆட்டத்துக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள் அம்மா, தட்டுகிறாளா இல்லையா பார்ப்போம்.

#17 கணக்குப்பிள்ளை

டிராகன்ஸுக்கு இந்தத் தடவை என்ன வித்தியாசம் என்று பார்த்தால்: லீக்குக்கு அங்கீகாரம் இருக்கிறது. இந்திய அணி வீரர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள். உரிமையாளர்கள் சார்லஸ் குழுமம், தமிழ்நாட்டுக்காரர்கள். முதல் சீசனில் அரையிறுதி வரை போனார்கள். ஆனால் அந்த சீசன் ஆண்கள் ஆட்டம் எல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும். வீரன்ஸ் ஐதராபாத்தில் ஆடிய அதே கதை. எழும்பூருக்கு லீக் வருவது இப்போதுதான்.

அதற்குள் அதே லீக்கின் இன்னொரு அணியான உ.பி. ருத்ராஸின் முதலாளிகள் ஒரே சீசனோடு விலகிவிட்டார்கள். பணக் கணக்கு சரிவரவில்லை என்றால் அங்கீகாரம் இருந்தாலும் அணி போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? விசில்_நடுவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

#18 விசில்_நடுவர்

சொல்கிறேன். ருத்ராஸ் போனது, லீக் நிற்கவில்லை. 2012-இல் லீக்கே போனது, அதனால் எட்டு அணியும் ஒரே நாளில் போயின. ஒரு முதலாளி ஓடினால் இன்னொருவரைத் தேடலாம். சம்மேளனமே இல்லையென்றால் யாரைப் போய்த் தேடுவது?

#19 டர்ஃப்வாசி

இருவரும் சொல்வதில் எனக்கு விசில்_நடுவர் பக்கமே சாய்வு. ஆனால் கோவில்பட்டிக்காரர் கேட்டது மனதில் உட்கார்ந்துவிட்டது. சீட்டாஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. போயிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வெளிநாட்டு கேப்டன், வெளிநாட்டுப் பயிற்சியாளர், அங்கொருவர் இங்கொருவராக வீரர்கள். நல்ல ஹாக்கி ஆடினார்கள். இந்த ஊர்ப் பையன் இவன் என்று விரல் நீட்டிக் காட்ட நமக்குப் போதுமான ஆள் இல்லை. வீரன்ஸுக்காவது ஆடம் சின்கிளேர் இருந்தார்.

டிராகன்ஸ் கார்த்தியைக் களத்துக்குள் எத்தனை நிமிடம் விடுகிறார்கள் என்பதைத்தான் நான் ஜனவரியில் பார்க்கப் போகிறேன்.

#20 கோவில்பட்டிக்காரன்

நாங்களும் வருகிறோம். விடுதிப் பையன்கள் கொஞ்சம் பேர், இரண்டு பெரியவர்கள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். மைதானம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தானே?

#21 ராயபுரம்_ரைட்_அவுட்

நடக்கும் தூரம்தான் அண்ணாச்சி. ஆனால் எழும்பூர் ஸ்டேஷனில் வேலை நடக்கிறது, சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்றால் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கிவிடலாம். கடலைமிட்டாய் மறக்காதீர்கள்.